டெஸ்டர் எரிகிறது, ப்ளக் மட்டும் வேலை செய்யவில்லை

ப்ளக் பாயிண்ட்டில் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. சார்ஜரைச் சொருகினால் அசைவே இல்லை, அயர்ன் பாக்ஸும் சூடாகவில்லை. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) எதுவும் விழவில்லை. விளக்கு, மின்விசிறி எல்லாம் வழக்கம்போல ஓடுகின்றன. இப்படிச் செத்துப்போனவை மொத்தம் நான்கு பாயிண்ட்: கூடத்தின் ஒரே சுவரில் இரண்டு, படுக்கையறையில் ஒன்று, அதை ஒட்டிய நடையில் ஒன்று. பழுது கடைசியில் அகப்பட்டது, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஐந்தாவது பாயிண்ட்டுக்குள். அங்கே போய்ச் சேர்ந்த வழியை, சுற்றிப்போன இடங்களையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

கையில் இருந்த கருவிகள் இவ்வளவுதான்: நியான் டெஸ்டர், டிஜிட்டல் மல்டிமீட்டர், பிடி முழுக்க இன்சுலேஷன் உள்ள இரண்டு ஸ்க்ரூ டிரைவர், வயர் ஸ்ட்ரிப்பர், நோஸ் பிளையர், டார்ச். இவற்றோடு ஒரு ஹோல்டரில் 60 வாட்ஸ் குண்டு பல்பை மாட்டி, மூன்று பின் ப்ளக்கோடு சேர்த்த டெஸ்ட் லேம்ப். இந்த வேலையில் அதிகம் உழைத்தது அந்தப் பல்புதான். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. சில எல்ஈடி பல்புகள் கசிவு மின்சாரத்திலேயே மங்கலாக மினுக்கும். பார்ப்பவருக்கு கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் சாக்கெட்டின் மேல்தான் சந்தேகம். கூடத்துப் பாயிண்ட் பழையது, பின்னைப் பிடிக்கும் உள் தகடுகள் தளர்ந்து ப்ளக் ஆடும். கழற்றிப் புதுசு மாட்டியாகிவிட்டது. பலன் இல்லை. பக்கத்துப் பாயிண்ட், படுக்கையறை, நடை என்று சுற்றி வந்தபோதுதான் நான்கும் ஒன்றாகப் போயிருக்கின்றன என்பதே தெரிந்தது. நான்கு சாக்கெட் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போகாது. அப்படியானால் இவற்றுக்குப் பொதுவாக ஏதோ ஒன்று அறுந்திருக்க வேண்டும். வீட்டில் எந்த ப்ளக் போனாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் மற்ற எல்லாப் பாயிண்ட்டிலும் ஒரு விளக்கைச் சொருகிப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஒரு சாக்கெட் மிச்சமாகும்.

அடுத்து எம்சிபி. நெம்புகோல் மேலே இருந்தாலும் உள்ளே இணைப்பு விட்டிருக்கலாம் என்று அதை முழுக்கக் கீழே தள்ளி மறுபடி மேலே ஏற்றினேன். மாற்றம் இல்லை. அதன் வெளியேறும் முனையில் மீட்டரை வைத்தால், நியூட்ரல் பட்டைக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்கள் சேரும் இடம்) அதற்கும் நடுவே 231 வோல்ட். எம்சிபி குற்றவாளி இல்லை.

இந்த இடத்தில்தான் டெஸ்டர் என்னை நன்றாகச் சுற்றவிட்டது. எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால் வலப்பக்கத் துளை ஃபேஸ் (கரண்ட் வரும் வழி), இடப்பக்கத் துளை நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வழி). வலப்பக்கம் எரிந்தது, சரி. இடப்பக்கமும் எரிந்தது! நியூட்ரலில் எப்படி டெஸ்டர் எரியும்? வயரிங்கில் எங்கேயோ இரண்டு ஃபேஸ் கலந்துவிட்டதா என்று ஒரு கணம் பயம். படுக்கையறையில் போய்ப் பார்த்தால், செத்த பாயிண்ட்டில் யாரோ சொருகி வைத்த சார்ஜர் அப்படியே இருக்கிறது, சுவிட்சும் ஆன். அதைப் பிடுங்கிவிட்டு வந்து பார்த்தால் இடப்பக்கத் துளையில் டெஸ்டர் எரியவில்லை.

நடந்தது இதுதான். நியூட்ரல் வயர் வழியில் எங்கோ அறுந்துவிட்டது. ஃபேஸ் சார்ஜருக்குள் நுழைந்து மறுபக்கம் வழியாக நியூட்ரல் வயருக்கு வருகிறது. அங்கிருந்து திரும்பிப் போகப் பாதை இல்லை. அதனால் அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நியூட்ரல் வயர் முழுக்க ஃபேஸாகவே நிற்கிறது. நான்கு பாயிண்ட்டின் இடப்பக்கத் துளையும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கிறது. கறுப்பு வயர்தானே என்று யாராவது கையை வைத்தால் அவ்வளவுதான். நியூட்ரல் விட்டுப்போன வயரிங், ஃபேஸ் விட்டுப்போனதைவிட மோசம் என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதனால்தான்.

மீட்டர் சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு செத்த பாயிண்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நூறு சொச்சம், அதுவும் நிலையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நூறு சொச்சம் உண்மையான வோல்டேஜ் இல்லை. பக்கத்தில் ஓடும் ஃபேஸ் வயரிலிருந்து அறுந்த வயரில் ஒட்டிக்கொள்வது. மீட்டர் தனக்குள் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்வதே இல்லை என்பதால் அதையும் மெனக்கெட்டுக் காட்டுகிறது. டெஸ்ட் லேம்பைச் சொருகியதும் அந்த எண் சைபருக்கு விழுந்தது, பல்பு எரியவில்லை. பல்பு எரியாவிட்டால் மீட்டர் எவ்வளவு காட்டினாலும் அங்கே கரண்ட் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஷட்டர் வைத்த சாக்கெட்டில் மீட்டர் முனை உள்ளே போகாது. எர்த் துளையில் ஒரு பிளாஸ்டிக் குச்சியை அழுத்திப் பிடித்தால்தான் மற்ற இரண்டும் திறக்கும். ஆணி, கம்பி என்று எதையும் விட்டுப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 60 வாட்ஸ் பல்பு 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) இருந்தால் பல்பு எரிவதற்கு முன் வீடே இருட்டாகிவிடும். எர்த் சரியாக இல்லாத வீட்டிலோ, எர்த் வயரோடு சேர்ந்திருக்கும் சாதனங்களின் உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும். அந்தச் சோதனைக்கு மீட்டர் போதும்.

சரி, நியூட்ரல் அறுந்திருக்கிறது. எங்கே?

வீடுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் எம்சிபிகள் இருக்கும் போர்டிலிருந்து தனி வயர் வராது. ஒரு பாயிண்ட்டுக்கு வந்த வயரை அங்கேயே அடுத்த வயரோடு சேர்த்து, அப்படியே ரயில் பெட்டிபோலக் கோத்துக்கொண்டே போவார்கள். லூப்பிங் என்பது இதைத்தான். ஒரு கொக்கி கழன்றால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும். ஆகவே அறுந்த இடம் ஒன்று முதல் செத்த பாயிண்ட்டில் இருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்னால் உயிரோடு இருக்கும் கடைசிப் பாயிண்ட்டில். சுவருக்குள் பைப்பில் ஓடும் வயர், ஆணி அடித்தோ துளை போட்டோ சேதப்படுத்தாதவரை நடுவில் அறுவது அபூர்வம். முனைகளில்தான் விடும்.

எந்த வரிசையில் கோத்திருக்கிறார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைத்தால் எந்தப் பாயிண்ட் போகிறது என்று ஒரு தாளில் குறித்தேன். செத்த பாயிண்ட்களுக்கு ஃபேஸ் துளையில் டெஸ்டர் அணைகிறதா என்பதே அடையாளம். ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் இந்த நான்கும், உயிரோடு இருக்கும் இன்னும் இரண்டும் சேர்ந்திருந்தன: எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று. அந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் செத்தவற்றுக்கு வயர் போக வேண்டும்.

முதலில் மேசைப் பக்கம் உள்ளதைத் திறக்கலாம் என்று போர்டை அணைக்கப் போனேன். அப்போது அம்மா சாதாரணமாகக் கேட்டார்: “ஹால்ல அயர்ன் போட்டா வாசப்பக்கத்து ப்ளக்குல கிர்ருன்னு சத்தம் வருமேடா, அத பாத்தியா?” கொஞ்ச நாளாகவே வருகிறதாம். அயர்ன் பாக்ஸ் ஒரு சுவரில், சத்தம் இன்னொரு சுவரில். கரண்ட் அந்த வழியாகத்தான் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பாதி நேரம் மிச்சம்.

திறப்பதற்கு முன் அணைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஒற்றை முனை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலைத் தொடாது. முன்னே வேலை செய்தவர்கள் வசதிக்காக ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு சேர்த்துவிட்டிருந்தால், எம்சிபியை அணைத்த பிறகும் அந்தக் கறுப்பு வயரில் வேறு சர்க்யூட்டின் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துக் கையில் எடுத்தால் ஷாக். ஆகவே ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதுவும் போதாது. மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் கடமை உணர்ச்சியோடு விழித்துக்கொண்டு விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். ப்ளக்கும் விளக்கு சுவிட்சும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் உள்ளே ஒரு ஃபேஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டு ப்ளக்கையும் பிடுங்கினேன்.

அப்புறம் மீட்டர் சோதனை. அணைப்பதற்கு முன் உயிருள்ள பாயிண்ட்டில் மீட்டரை வைத்து அது காட்டுகிறதா என்று பார்த்தேன், அணைத்த பிறகு வேலை செய்யப் போகும் பெட்டியில் வைத்தேன், கை வைப்பதற்கு முன் மறுபடி உயிருள்ள ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் மீட்டரின் வயர் விட்டிருந்தாலும் அது சைபர்தான் காட்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

வாசல் பாயிண்ட்டின் மூடியைக் கழற்றினால் வெளியே எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சாக்கெட்டை முன்னே இழுத்துத் திருப்பியதும் கருகிய பிளாஸ்டிக் வாசனை. நியூட்ரல் முனையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிக் கொப்பளித்திருந்தது. திருகைத் திருப்பிப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. இறுக்கமாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், கறுப்பு வயர்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தேன். ஒன்று அசையவில்லை. மற்றது அப்படியே கையோடு வந்துவிட்டது.

வந்த வயரை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கதை முழுக்க அதில் இருக்கிறது. 2.5 சதுர மி.மீ. வயர், உள்ளே 36 மெல்லிய இழைகள். அந்த முனையின் துளைக்குள் இரண்டு வயரும் சேர்ந்து நுழையவில்லை போலிருக்கிறது. மாட்டியவர் இந்த வயரில் பாதிக்கு மேல் இழைகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் உள்ளே திணித்திருக்கிறார். திருகு முதல் வயரை நன்றாகப் பிடித்திருக்கிறது, இரண்டாவதைப் பெயருக்குத்தான் தொட்டிருக்கிறது. இழைகளின் நுனி கரிந்து உருண்டு போயிருந்தன. செம்பு சுமார் 2 செ.மீ. தூரத்துக்குக் கறுத்து, இன்சுலேஷன் வறண்டு வெடித்திருந்தது. விரலால் வளைத்தால் இழைகள் உதிர்ந்தன.

இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 4.3 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தால் அந்தப் புள்ளியில் மட்டும் 18, 19 வாட்ஸ் சூடு பிறக்கும். சின்ன சோல்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். எம்சிபிக்கு இது தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. ஆர்சிசிபிக்கும் தெரியாது, போன கரண்ட் எல்லாம் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. இந்தப் பழுதைக் காட்டிக்கொடுக்கக்கூடியவை சத்தமும் வாசனையும்தான்.

சரிசெய்யும் வேலை கண்டுபிடிக்கும் வேலையைவிடச் சுருக்கமாக முடிந்தது. கறுத்த பகுதியை வெட்டி, பளபளக்கும் செம்பு வரும் வரை பின்னுக்குப் போனேன். அதற்குள் வயர் குட்டையாகி சாக்கெட்டின் திருகு வரை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் இரண்டு வயரை மறுபடி அதே துளையில் திணிக்கும் எண்ணம் இல்லை. மூன்று வயர் பிடிக்கும் நெம்பு வைத்த இணைப்பி ஒன்றை எடுத்துக்கொண்டேன். போர்டிலிருந்து வரும் நியூட்ரல் ஒரு துளையில், அடுத்த பாயிண்ட்டுக்குப் போவது இரண்டாவதில், மூன்றாவதில் புதிதாக வெட்டிய 15 செ.மீ. துண்டு வயர். அந்தத் துண்டின் மறுமுனை மட்டும் சாக்கெட்டுக்குப் போகிறது. இனி சாக்கெட் தளர்ந்தாலும், கழற்றினாலும், கரிந்தாலும் பின்னால் இருக்கும் நான்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்சுலேஷனை 11 மி.மீ. உரித்தேன், அந்த இணைப்பி கேட்ட அளவு. குறைவாக உரித்தால் கவ்வி பிளாஸ்டிக்கைப் பிடிக்கும், கூட உரித்தால் செம்பு வெளியே தெரியும். நெம்பை மூடிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன். இணைப்பி வாங்கும்போது இழை வயருக்கும் ஏற்றதா, 2.5 சதுர மி.மீ. தாங்குமா, எத்தனை ஆம்பியர் என்பதைப் பார்க்க வேண்டும். வெறுமனே குத்திச் செருகும் வகைகளில் சில ஒற்றைக் கம்பி வயருக்கு மட்டும்தான். முறுக்கி டேப் சுற்றுவது என்ற பேச்சே வேண்டாம். டேப் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

சாக்கெட்டையும் மாற்றினேன். சூடு பட்ட தகட்டுக்கு ஸ்பிரிங் தன்மை போய்விடும், பின்னை இறுக்கிப் பிடிக்காது, அங்கேயே அடுத்த சூடு ஆரம்பிக்கும். பெட்டியைத் திறந்த கையோடு சுவிட்சில் லூப் ஆகும் ஃபேஸ் முனையையும் பார்த்தேன். கால் சுற்று இறுகியது, கரிந்த அடையாளம் எதுவும் இல்லை.

மூடியை மாட்டுவதற்கு முன் கரண்ட் கொடுத்து, ஆள் யாரையும் கிட்டே விடாமல், கூடத்துப் பாயிண்ட்டில் அளந்தேன். ஃபேஸ்–நியூட்ரல் 231, ஃபேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் ஒன்று சொச்சம். டெஸ்ட் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஆனால் 60 வாட்ஸ் பல்பு, நாலே இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் ஜோராக எரியும். அதனால் அதோடு திருப்தியடையாமல் ஒரு சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைப் போட்டு, பக்கத்துச் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். 231 இருந்தது 228 ஆனது, அங்கேயே நின்றது. நல்ல வயரிங்கில் இப்படி ஒரு சின்ன இறக்கம் இருக்கத்தான் செய்யும். இணைப்பு மோசமாக இருந்தால் எண் பத்து, பதினைந்து வோல்ட் இறங்கும், அல்லது நிற்காமல் துள்ளும். இருபது நிமிடம் ஓடவிட்டு, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, மீட்டரால் உறுதி செய்துகொண்டு இணைப்பியைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

இதற்கு மல்டிமீட்டரின் ‘பீப்’ சோதனையை நம்ப முடியாது. அது அனுப்புவது துளியூண்டு கரண்ட். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடித்து நல்ல வயர் என்று சான்றிதழ் கொடுத்துவிடும். முழுக்க அறுந்ததைக் கண்டுபிடிக்க பீப் சரி. தளர்ந்ததைக் கண்டுபிடிக்க அயர்ன் பாக்ஸ்போல நிறைய கரண்ட் இழுக்கும் லோடு வேண்டும்.

செலவு என்று பார்த்தால் சாக்கெட் இரண்டு, அதில் கூடத்தில் மாட்டியது தேவையே இல்லாதது. இணைப்பி ஒன்று, ஒரு முழத்துக்கும் குறைவான வயர். மீதி எல்லாம் நேரம். அதிலும் பெரும்பகுதி செத்த சாக்கெட்டைக் கழற்றி மாட்டியதில் போனது. அடுத்த தடவை இப்படி ஆனால் வரிசையை மாற்றிக்கொள்வேன். முதலில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று அளவு. முதலாவது ஆட்டம் போட்டு இரண்டாவது முழுசாக இருந்தால் நியூட்ரல் விட்டிருக்கிறது. எல்லாமே சைபருக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபேஸ் வரவில்லை. எம்சிபி, சுவிட்ச், ஃபேஸ் லூப் என்று போக வேண்டும். அதன் பிறகு நேராக, அதே எம்சிபியில் வேலை செய்துகொண்டிருக்கும் பாயிண்ட்டைத் திறப்பேன். பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன் போனில் ஒரு படம்.

சுவருக்குள் வயர் கரிந்திருந்தாலோ, போர்டின் நியூட்ரல் பட்டையிலேயே கருகல் தெரிந்தாலோ, வீடு முழுக்க விளக்குகள் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தாலோ நான் தொட மாட்டேன். மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டால் சில சாதனங்களுக்கு 230-க்கு மேல் வெகுதூரம் ஏறிவிடும். மெயினை அணைத்துவிட்டு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

மற்ற மூன்றையும் அளந்து முடிக்கும்போது படுக்கையறைப் பாயிண்ட்டில் ஒரு புது விஷயம் கிடைத்தது. ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த் மட்டும் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே தள்ளாடியது. மெயினை மறுபடி அணைத்துத் திறந்தால், பச்சை வயர் பெட்டியின் மூலையில் மடித்து, டேப் சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. சாக்கெட்டின் எர்த் திருகு புதுசுபோல மினுமினுக்கிறது, ஒரு வயரையும் பார்த்ததே இல்லை. உரித்து மாட்டியதும் 229 வந்தது. எழுதும் மேசைப் பக்கத்துப் பாயிண்ட்டையும் மற்ற எம்சிபிகளில் இருப்பவற்றையும் இன்னும் திறக்கவில்லை. இணைப்பிகளும் பச்சை வயரும் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.